பொந்தின் வாயில் ஒரு கல்

கருங்கல் ஊரில் சந்தையைத் தாண்டி ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஆன்ஸ்லினுக்கு ஸ்டுடியோ இருந்தது. பதினேழு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறான். மாப்பிள்ளையின் கையை எடுத்துப் பெண்ணின் தோளில் வைப்பான். பெண்ணை வெட்கப்படச் சொல்வான். கண்ணில் ஒரு துளிகூட இல்லாத அம்மாவிடம், "இப்பம் கொஞ்சம் கண்ணைத் தொடைங்கம்மா" என்று சொல்லிப் படம் பிடிப்பான். மனைவி லிஜா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த முகங்களிலிருந்து பருக்களை அழிப்பாள். தொழிலில் குறையொன்றும் இல்லை. ஆனால் நாற்பது தாண்டியபோது அவனுக்குத் தன் ஆல்பங்களைப் புரட்டவே பிடிக்காமல் போயிற்று. எல்லாச் சிரிப்பும் அவன் சிரிக்கச் சொன்ன சிரிப்பு.

அந்தச் சமயத்தில்தான் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரிடமிருந்து பழைய டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றை வாங்கினான். அறுநூறு மில்லிமீட்டர் வரை நீளும். கண்ணாடியின் ஓரத்தில் லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தைப் பார்க்க ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். தேன்சிட்டு வரும், செம்போத்து வரும், வாழைக்கூட்டத்துக்குள்ளிருந்து கீரி ஒன்று தலையை நீட்டி அவனை முறைத்துவிட்டுப் போகும். நில்லென்றால் நிற்காது, திரும்பென்றால் திரும்பாது. பத்துப் படத்தில் ஒன்பது மங்கலாக இருக்கும். அதிலும் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மாவட்டத்துப் பறவைப் படக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. ஆன்ஸ்லினும் அதில் இருந்தான். அவன் படம் போட்டால் இரண்டு மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். டாக்டர் மகேஷ்குமார் படம் போட்டால் குழுவே எழுந்து நிற்கும். அவர் நாகர்கோவிலில் பல் டாக்டர். அவருடைய லென்ஸின் விலையில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று சொல்வார்கள். பரிசுகள் வாங்கியவர். ஆன்ஸ்லின் இரண்டு வருஷமாக அவர் படங்களுக்குக் கீழே "அருமை சார்" என்று எழுதிக்கொண்டிருந்தான். அவர் ஒருமுறைகூடப் பதில் எழுதியதில்லை.

ஜூலை முதல் வாரம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் சிந்தியா போன் செய்தாள். லிஜாவின் தம்பி ஜெப்சனுடைய மனைவி. ஜெப்சன் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுத் தொழிலாளி. எஸ்டேட்டுக்குக் கீழே, சொந்தமாக இருந்த கொஞ்சம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் அவர்கள் வீடு.

"அண்ணே, எங்க குளிமுறிக்குப் பொறத்தால மண்திட்டில ஒரு குருவி பொந்து வச்சிருக்கு. பொன்மான் மாதிரி இருக்கு, ஆனா பொடிசு. என் வெரலு நீளந்தான். நெறத்தைப் பாத்தா பிளாஸ்டிக் பொம்மைன்னு நெனைப்பிய. இப்பம் ரெண்டு நாளா உள்ள தீனி கொண்டு போவுது. ஒண்ணு வந்து பாருங்க."

ஆன்ஸ்லின் அன்றைக்கே பைக்கை எடுத்தான். குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக லென்ஸை நீட்டி இரண்டு மணி நேரம் நின்றான். திட்டில் பெரணிச் செடிகளும் வேர்களும் தொங்கின. அவற்றுக்கு நடுவில் ஒரு கோழிமுட்டை நுழையும் அளவுக்கு ஒரு துளை. கடைசியில் அது வந்தது. குள்ள மீன்கொத்தி. மஞ்சள் வயிறு, நாவற்பழ நிறத்தில் முதுகு, பவளம்போல் அலகு. அலகில் ஒரு சிலந்தி. பெரணித் தண்டில் கண்மூடித் திறக்கும் நேரம் உட்கார்ந்து, பொந்துக்குள் பாய்ந்து மறைந்தது. ஒரே ஒரு படம் தேறியது. அதிலும் பாதி உடம்பை ஓர் இலை மறைத்திருந்தது.

வீட்டில் லிஜா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "கொள்ளாம். இதில யாரும் நமக்காக நிக்கல்ல" என்றாள்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆன்ஸ்லின் குழுவில் போட்டான். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"ஆன்ஸ்லின்தானே? மகேஷ்குமார் பேசுறேன். என்ன படம்ங்க அது! இலை மட்டும் குறுக்க வராம இருந்தா இன்டர்நேஷனல். எந்த இடம்?"

கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது குழுவின் விதி. அந்த விதியை எழுதியவரே மகேஷ்குமார்தான். ஆனால் அவர் குரல் தன் பெயரைச் சொன்னதும் ஆன்ஸ்லினுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இடத்தைச் சொன்னான். வீட்டுக்காரர்கள் சொந்தம் என்றும் சொன்னான். "அப்ப வியாழக்கிழமை நாம ரெண்டு பேரும் உட்காருவோம்" என்றார் அவர். நாம ரெண்டு பேரும் என்றதை ஆன்ஸ்லின் லிஜாவிடம் இரண்டு தடவை சொன்னான்.

வியாழக்கிழமை மகேஷ்குமார் தொப்பி முதல் பூட்ஸ் வரை காட்டு நிறத்தில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். மெல்லிய குரல். வரிசை தவறாத பல். ரப்பர் ஷீட் உலர்த்துகிற சாய்ப்புக் கொட்டகையில் பச்சை வலையைக் கட்டி மறைவிடம் தயார் செய்து வைத்திருந்தான் ஆன்ஸ்லின். அங்கிருந்து திட்டு ஆறு மீட்டர் தூரம். அவர் மறைவிடத்தைப் பார்த்து "வெரி குட்" என்றார். பிறகு நேராகத் திட்டின் பக்கம் போனார்.

பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். பிடியுள்ள சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றையும் ஒரு டார்ச்சையும் எடுத்தார். பல்லைப் பார்க்கிற கண்ணாடி. அதைப் பொந்துக்குள் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நாலு இருக்கு. சூப்பர். தூவல் முளைக்கிற ஸ்டேஜ்" என்றார். கண்ணாடியை வெளியே இழுத்தபோது அதில் எச்சம் ஒட்டியிருந்தது. பாட்டிலிலிருந்து மருந்தைப் பீய்ச்சிக் கண்ணாடியைத் துடைத்தார். இதெல்லாம் செய்யலாமா என்று ஆன்ஸ்லினுக்கு அப்போதே தோன்றியது. பெரிய ஆள், அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

"இந்தப் பெரணி, வேர் எல்லாம் போகணும் ஆன்ஸ்லின். பேக்ரவுண்ட் கிளீனா இருக்கணும்."

ஜெப்சனின் வெட்டுக்கத்தியை வாங்கி ஆன்ஸ்லின்தான் வெட்டினான். பறவை உட்காருகிற அந்தத் தண்டையும் வெட்டினான். திட்டு, மொட்டை அடித்த தலைபோல் ஆயிற்று. பொந்து பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவர் காரிலிருந்து பாசி படிந்த அழகான கிளை ஒன்றைக் கொண்டுவந்து பொந்துக்கு முன்னால் நட்டு, அதன்மேல் தண்ணீரைப் பூவாளிபோலத் தெளித்தார். மண்டபத்தில் மணமக்கள் நாற்காலிக்குப் பின்னால் செயற்கைப் பூ கட்டுகிறவன் ஆன்ஸ்லினுக்கு ஞாபகம் வந்தான். அவன்கூட இத்தனை சிரத்தையாகச் செய்ய மாட்டான்.

பறவை வந்தது. அலகில் ஒரு சின்ன அரணை. புதுக் கிளையைக் கண்டு தயங்கி, மூன்று தடவை சுற்றி, கடைசியில் கிளையில் இறங்காமலே பொந்துக்குள் பாய்ந்துவிட்டது. மகேஷ்குமார் உச்சுக்கொட்டினார்.

"டூ ஃபாஸ்ட். ஒண்ணு பண்ணலாம்."

அது வெளியேறிப் போனதும் எழுந்து போனார். கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பொந்தின் வாயில் வைத்து, சுற்றிலும் ஈரமண்ணை அப்பினார். கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப உள்ள போக முடியாது. வெளியதான் நிக்கும். நமக்கு டைம் கிடைக்கும். இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான், சொல்ல மாட்டாங்க."

இரண்டாவது முறை அது இன்னோர் அரணையோடு வேகமாக வந்து கல்லில் மோதியது. கீழே விழப்போய்ச் சமாளித்து, கல்லுக்கு முன்னால் ஆகாயத்தில் சிறகடித்து நின்றது. பிறகு கிளையில் உட்கார்ந்தது. அலகில் அரணை இன்னும் நெளிந்தது. மெல்லிய குரலில் 'சீ சீ' என்று கத்தியது. மறுபடியும் கல்லுக்குப் பாய்ந்தது. மறுபடியும் கிளை. மகேஷ்குமாரின் காமிரா நிற்காமல் பொரிந்து தள்ளியது. சிறகு விரிந்த அந்த நிலையில் முதுகின் நீலம் தீக்கங்குபோல் மின்னியது. அவ்வளவு அழகை ஆன்ஸ்லின் அதுவரை பார்த்ததில்லை. அவன் விரலும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று மனது சொன்னது. விரல் கேட்கவில்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். "சார், கல்லை எடுத்திரலாமா?" என்றான்.

"இப்பதான் லைட் வருது. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்தில் சிந்தியா வீட்டுக்குள்ளிருந்து சாயாவோடு வந்தாள். நைட்டிமேல் துவர்த்துத் துண்டு போட்டிருந்தாள். சாய்ப்பின் ஓரத்தில் நின்று திட்டைப் பார்த்தாள். கிளையில் கத்தும் பறவையைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கி நடந்தாள்.

"மேடம், ஃபிரேம்ல வராதீங்க ப்ளீஸ். ரெண்டே நிமிஷம்" என்றார் மகேஷ்குமார், கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமலே.

"உள்ள பிள்ளைவ கெடக்கு, தள்ளைய வெளிய நிறுத்திக் கதவை அடைச்சு வச்சிட்டா படம் எடுக்கிய?" சிந்தியா கல்லை நெம்பி எடுத்து ரப்பர் மரங்களுக்குள் எறிந்தாள். திரும்பி ஆன்ஸ்லினைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களுமா?"

அவன் தலையைக் குனிந்து லென்ஸ் மூடியைத் தேடினான்.

மகேஷ்குமார் கோபப்படவில்லை. "லோக்கல் சென்டிமென்ட். பரவாயில்லை, நமக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு" என்று அவன் காதில் சொன்னார். மத்தியானம் அதே வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும் சாப்பிட்டார். விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்ப ஜெப்சனுக்கு மனதில்லை. சிந்தியா பரிமாற வரவில்லை. அவர் வலது கையால் மீன்முள்ளை உறிஞ்சிக்கொண்டே இடது கையால் காமிராத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். "பாருங்க, அரணையோட கண்ணுல வானம் தெரியுது." ஆன்ஸ்லின் கிழங்கைப் பிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். அவருடைய ஒழுங்கான பற்கள் சின்ன மீனின் முதுகெலும்பை நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்க் கை கழுவினான்.

அன்று இரவு லிஜா கேட்டபோது, "ரொம்ப நேரம் காத்திருந்தோம்" என்று மட்டும் சொன்னான். நானூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்று, அவன் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே சிறந்தது. அதன் இடது ஓரத்தில் கல் தெரிந்தது. அதை வெட்டினான்.

சனிக்கிழமை சாயங்காலம் மகேஷ்குமார் மறுபடி கூப்பிட்டார். கோட்டாறு பக்கம் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். ஆன்ஸ்லினின் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பெயரோடு மாட்டலாமாம். "அப்புறம், நாளைக்கு ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட ஒரு மணி நேரம் அங்க போயிட்டு வரேன். சொல்லி வச்சிருங்க."

"நாளைக்கு அங்க யாரும் இருக்க மாட்டாவ சார். எங்க சொந்தத்தில ஒரு ஞானஸ்நானம், எல்லாரும் கருங்கலுக்கு வாராவ."

"அப்ப இன்னும் வசதி" என்று சிரித்தார்.

இல்லை சார், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. "பொந்தை மட்டும் அடைக்கண்டாம் சார்" என்றான்.

"சேச்சே, ஒரு தடவைக்கு மேல எதுக்கு?"

போனை வைத்ததும் தன் படத்தை அவருக்கு அனுப்பி வைத்தான். ஜெப்சனிடமும் சிந்தியாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஞானஸ்நான வீட்டில் சிந்தியா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்போதும் சொல்லவில்லை. மழை கொட்டியதால் அவர்கள் அன்றிரவு கருங்கலிலேயே தங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை காலைப் பஸ் பிடித்துப் பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பத்தரைக்குப் போன் வந்தது. "அண்ணே, மறுபடியும் பொந்தை அடைச்சு வச்சிருக்கு. கல்லை எடுத்தாச்சு. உள்ள ஒரு அனக்கமும் இல்ல. நீங்க வாங்க." குரலில் கோபம்கூட இல்லை.

அவன் போனபோது பறவை துணி காயப்போடும் கயிற்றில் உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு குட்டி நண்டு. பொந்துக்குப் போகும், வாயில் நிற்கும், உள்ளே நுழையாமல் திரும்பிக் கயிற்றுக்கே வரும். பொந்திலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

ஆன்ஸ்லின் கையை உள்ளே விட்டான். முழங்கை வரை போயிற்று. உள்ளே எச்சமும் பழைய நண்டு ஓடுகளும் கலந்து சளசளத்தன. பச்சை மீன் அழுகிய வாடை முகத்தில் அடித்தது. விரலில் ஏதோ மெத்தென்று பட்டது. ஒன்றாக எடுத்தான். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதை எடுக்கும்போது எறும்புகள் அவன் தோள்வரை ஏறிவிட்டன. நீலக் குச்சிகள்போல் தூவல் முளைத்த நாலு குஞ்சுகள். ஒன்றின் கண் இருந்த இடத்தில் எறும்புகள் மொய்த்தன. அவன் திரும்பிக் குளிமுறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

சாய்ப்பில் பிஸ்கட் உறைகளும் தண்ணீர் பாட்டில்களும் கிடந்தன. தூணில் ஓர் ஆணி. அதில் நூல். நூலின் மறுமுனையில், பறவைக்கு இரைகாட்டப் பின்னங்காலில் கட்டிய ஓர் அரணை செத்துக் காய்ந்து தொங்கியது.

ஜெப்சன் நூலைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "அத்தான், நீங்க சொல்லித்தானே அவன் வந்தான்?"

"ஆமா" என்றான் ஆன்ஸ்லின்.

ஜெப்சன் காறித் துப்பினான். தரையில்தான் துப்பினான். ஆன்ஸ்லினுக்குத் தன் முகத்தில் விழுந்ததுபோல் இருந்தது.

அங்கேயே நின்று மகேஷ்குமாருக்குப் போன் போட்டான். "சார், கல்லை எடுக்கல்லியா?"

"ஓ... திடீர்னு மழை ஓங்கி வந்துச்சு, லென்ஸைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். ஃப்ரெண்ட் எடுத்திருப்பார்னு நினைச்சேன்."

"நாலும் செத்துப்போச்சு சார்."

"அடடா. ஸோ ஸேட். பரவாயில்லை ஆன்ஸ்லின், அது மறுபடி முட்டை போடும். நேச்சர்ல பாதிக் கூடு இப்படித்தான் போகும்." பிறகு, அதே மூச்சில், "உங்க படத்துக்கு ஃபிரேம் கறுப்பா, மரக்கலரா? பிரிண்டர் கேக்கிறார்" என்றார்.

ஆன்ஸ்லின் போனை அணைத்தான்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவினான். அவன் சொல்வதற்கு முன்னாலேயே சிந்தியா லிஜாவிடம் எல்லாம் சொல்லியிருந்தாள். லிஜா சத்தம் போடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து அந்த நானூற்றுச் சொச்சம் படங்களையும் வரிசையாகப் பார்த்தாள். கடைசியில் அவன் வெட்டிச் சீர்செய்து அனுப்பிய படத்தையும் பார்த்தாள்.

"நான் முகத்துப் பருவைத்தான் மாய்ப்பேன். நீங்க கல்லை மாய்ச்சிருக்கிய."

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இப்பம் என்ன செய்யப் போறிய?"

"தெரியல்ல."

மூன்று வாரம் அவன் ஒன்றும் செய்யவில்லை. அந்த மூன்று வாரத்தில் மகேஷ்குமாரின் படம் பெங்களூரில் ஏதோ ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கியது. 'தாய்மை' என்று பெயர் வைத்திருந்தார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். "அம்மாவின் அன்புக்கு ஈடேது." "பொறுமைக்குக் கிடைத்த பரிசு." "கண் கலங்கிவிட்டது டாக்டர்." ஆன்ஸ்லின் ஒவ்வொன்றாகப் படித்தான். படிக்கப் படிக்க அந்த அழுகல் வாடை திரும்ப மூக்கில் ஏறியது. தன் பழைய "அருமை சார்" எல்லாம் வேறு படங்களுக்குக் கீழே அப்படியே கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் எத்தனை கல்லோ, எத்தனை நூலோ!

கண்காட்சி அன்று லிஜாவே அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "போய் நம்ம படத்தை எடுத்துட்டு வாங்க. சும்மா எடுக்கண்டாம். எதுக்குன்னு சொல்லிட்டு எடுங்க."

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. 'தாய்மை' ஆளுயரத்துக்கு நடுச்சுவரில் தொங்கியது. பக்கத்தில் அதில் பாதியளவில் ஆன்ஸ்லினின் படம், கறுப்பு ஃபிரேமில். மகேஷ்குமார் மேடையில் பேசினார். பதினோரு மணி நேரம் மழையில் உட்கார்ந்திருந்தாராம். அட்டைக்கடியைப் பொருட்படுத்தவில்லையாம். "ஒரு கட்டத்தில் அந்தத் தாய் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்காகத்தான் நாம் காட்டுக்குப் போகிறோம்" என்றபோது கைதட்டல் எழுந்தது. பிறகு, "எனக்கு உதவிய ஓர் எளிய கலைஞர்" என்று ஆன்ஸ்லினை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அவர் விரல்கள் தோளில் பட்டபோது எறும்பு ஏறுவதுபோல் அவனுக்கு உடம்பு கூசியது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

ஆன்ஸ்லின் மேடையில் பேசியதே இல்லை. எப்போதும் மேடைக்குக் கீழே நிற்பவன்.

"இது காடு இல்ல" என்றான். "என் மச்சான் வீட்டுக் குளிமுறிக்குப் பொறத்தால. பதினோரு மணி நேரம் யாரும் இருக்கல்ல. இந்தக் குருவி இப்பிடி நிக்கதுக்குக் காரணம், நாங்க அதுக்க பொந்தைக் கல்லு வச்சு அடைச்சோம். முன்னால நின்ன செடியெல்லாம் நான்தான் வெட்டினேன். படமும் எடுத்தேன். மறுபடியும் போறோம்னு இவரு சொன்னப்பம் நான் சரின்னேன். கல்லை எடுக்காம போயிட்டாவ. உள்ள நாலு குஞ்சு இருந்துது. எறும்பு தின்னாச்சு. நான்தான் கையை விட்டு எடுத்தேன்."

ஆன்ஸ்லின் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் போனைத் தூக்கி அவனைப் படம் எடுத்தார்.

மகேஷ்குமார் மெதுவாக மைக்கை வாங்கினார். முகத்தில் அதே சிரிப்பு. "நண்பர் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். கூடுகள் அழிவது இயற்கை. அந்த வலி அவருக்கு இருக்கிறது. இப்படிப்பட்ட மனசுதான் நல்ல கலைஞனுக்கு அடையாளம்" என்றார்.

கைதட்டினார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர் கைதட்டினார்கள். தொகுப்பாளர், பின்புறம் டிபன் தயாராக இருப்பதாக அறிவித்தார்.

பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு ஆன்ஸ்லின் இறங்கினான். தன் படத்தை ஆணியிலிருந்து கழற்றினான். "விழா முடிஞ்சு எடுக்கலாமே சார், சுவர் மொட்டையாத் தெரியும்" என்றார் ஓர் அமைப்பாளர். அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். உள்ளே கேசரி வாசனை. கோட்டாற்றுத் தெருவில் நெரிசலுக்கு நடுவே படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

அன்றிரவு அவனும் லிஜாவும் உட்கார்ந்து, கல் தெரிகிற எல்லாப் படங்களையும், எடுத்த நேரத்தோடு, வெட்டாமல், போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பினார்கள். வனத்துறைக்கும் ஒரு மனு எழுதினார்கள். 'செடிகளை வெட்டியது நான்' என்ற வரியை லிஜா எழுத, அவன் கையெழுத்துப் போட்டான். வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து திட்டைப் பார்த்து, சிந்தியாவிடமும் அவனிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனார்கள். வழக்கு நடக்கிறது. அவன் பெயரும் அதில் உண்டு. அதை அவன் மறுக்கவில்லை. போட்டிக்காரர்கள் இரண்டு மாதம் கழித்து, பரிசைத் திரும்பப் பெறுவதாக ஒற்றை வரியில் அறிவித்தார்கள். காரணம் போடவில்லை. மகேஷ்குமார் தன் பக்கத்தில், பொறாமைக்குத் தான் பலியானதாக நீளமாக எழுதினார். ஆயிரம் பேருக்கு மேல் ஆறுதல் சொன்னார்கள். குழுவிலிருந்து ஆன்ஸ்லினை நீக்கினார்கள். கூட்டின் இடத்தை வெளியே சொன்னான் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்தச் செய்தி அங்கங்கே பரவியபோது முன்பின் தெரியாதவர்களிடமிருந்து ஆன்ஸ்லினுக்கு மெசேஜ்கள் வந்தன. திட்டியவர்கள் உண்டு. அது அவனுக்குப் புரிந்தது. ஆனால் பாதிப் பேர் கேட்டது வேறு. "அது போகட்டும் சார், ஷட்டர் ஸ்பீடு என்ன வச்சீங்க?" "ஃபிளாஷ் உண்டா?" அவன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

அக்டோபரில் லென்ஸை விற்கத் தீர்மானித்து விளம்பரம் போட்டான். மார்த்தாண்டத்திலிருந்து ஜெமி என்ற வங்கி ஊழியர் வந்தார். தாழ்மையான ஆள், ஹெல்மெட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் வந்தார். ஜன்னல் வழியே எதிர்மாடிச் சுவரில் கத்திக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகளை லென்ஸில் பார்த்தார். பூஞ்சையைக் காட்டினான் ஆன்ஸ்லின். அது பரவாயில்லை என்றார். விலையும் ஒத்துவந்தது. பெட்டியில் வைத்து மூடப்போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பொடிப் பொன்மான் படம் இதிலதானே எடுத்தது? அந்த வீடு எங்கன்னு மட்டும் சொன்னா... அடுத்த மழைக்கு அது அங்கதானே வரும்? நான் ஒருத்தன் மட்டும் போவேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ஆன்ஸ்லின் அவரைப் பார்த்தான். கெட்ட முகம் இல்லை. ஆசை மட்டும் இருந்தது. தான் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான்.

"விக்கல்ல" என்று லென்ஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"என்ன அண்ணாச்சி, பேசி முடிச்சாச்சே?"

"விக்கல்லன்னு சொன்னேன். எறங்குங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். லிஜா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, "அப்பம் அதை வச்சு என்ன செய்யப் போறிய?" என்றாள்.

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. இன்னொருத்தன் கையில போவாண்டாம்."

பெட்டியை அலமாரியின் அடித்தட்டில், பழைய ஆல்பங்களுக்குப் பின்னால் தள்ளினான். கதவைச் சாத்தும்போது பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு பெரியவர் மேலேறி வந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "சிரிக்கணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், சும்மா இருங்க" என்றான் ஆன்ஸ்லின்.